போகியன்று பிறந்த தை

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு மண்டி. பெயர் வேண்டாம். கல்லாவுக்குப் பின்னால் சுவரில், நாளுக்கொரு தாளாகக் கிழிக்கும் சிவகாசி நாட்காட்டி ஒன்று தொங்கும். அதற்கு நேர் கீழே மேசையில் ஒரு கணிப்பொறி. அதில் நாங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருள். அதன் திரையிலும் ஒரு நாட்காட்டி இருந்தது. 2007 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை, இவ்விரண்டு நாட்காட்டிகளும் வெவ்வேறு நாளைக் காட்டின. சுவர் மார்கழி 30 என்றது. திரை தை 1 என்றது. கடையில் இருந்தவர்கள் திரையை நம்பினார்கள். அந்த ஒரு நாள் வேற்றுமைக்காகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர் 240 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிழை எங்களுடையது. அதை எங்கேனும் எழுதி வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு.

நாங்கள் என்றால் இருவர். கல்லூரி முடித்துச் சென்னைக்குப் போகாமல் ஊரிலேயே தங்கி, ஒரு மாடியறையில் இரண்டு கணிப்பொறிகளை வைத்துக்கொண்டு, அரிசி ஆலைக்கும் உரக்கடைக்கும் மண்டிக்கும் விசுவல் பேசிக்கில் நிரல் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர்கள். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்து ஊர். தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சிற்றூர் நிரலாளன் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. பொத்தான், பட்டியல், நாட்காட்டி போன்ற உறுப்புகளை யாரோ முன்பே செய்து வைத்திருப்பார்கள். அவற்றை எடுத்துத் தன் படிவத்தின்மேல் ஒட்டிக்கொள்வான். நாட்காட்டியைப் பொறுத்தவரை, ஏழு நிரல் ஆறு வரிசை கொண்ட அந்தக் கட்டத்தை மைக்ரோசாஃப்டே தந்திருந்தது. தேதியைச் சொடுக்கினால் போதும், எஞ்சியதை அது பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கட்டத்துக்கு ஓர் உலகப் பார்வை உண்டு என்பது எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது. டாட்நெட்டில் வரும் தேதிப் பெட்டி 1753 ஜனவரி 1-க்கு முந்திய எந்த நாளையும் ஏற்காது. 1752 செப்டம்பரில் பிரிட்டன் கிரெகோரிய நாட்காட்டிக்கு மாறியது. அப்போது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. அந்தச் சிக்கலுக்குள் தலையிடாமல், அடுத்த ஆண்டின் முதல் நாளிலிருந்து காலம் தொடங்குவதாக வைத்துக்கொண்டார்கள். ஒரு தீவில் நடந்த திருத்தம் உலகத்துக்கே காலத்தின் வாசற்படி ஆகிவிட்டது. அதே டாட்நெட்டில் ஹிஜ்ரி உண்டு, ஹீப்ரு உண்டு, தாய்லாந்தின் புத்த ஆண்டும் ஜப்பானியப் பேரரசர் ஆண்டும் பாரசீக நாட்காட்டியும் உண்டு. சித்திரையும் தையும் இல்லை.

இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். வங்கிக்கும் வரிக்கும் ஆங்கிலத் தேதியே போதும். ஆனால் எங்கள் மண்டிக்காரருக்குப் போதவில்லை. அவர் கொடுக்கல் வாங்கலில் பாதி மலையோடு. புளியும் கடுக்காயும் சாமையும் மரவள்ளியும் அங்கிருந்து வரும். அவற்றுக்கு விதைப்புக் காலத்திலேயே முன்பணம் போகும். மலையாளிகள் எனப்படும் அம்மலைவாழ் மக்கள் தவணை சொல்வது ஆடிப் பதினெட்டு, கார்த்திகைத் தீபம், தை பிறந்தால் என்ற முறையில்தான். வட்டியும் அப்படித்தான். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்; தமிழ் மாதம் பிறந்து ஒரு நாள் ஆனாலும் அந்த மாத வட்டி முழுதாக ஏறும். நியாயமா என்பது வேறு பேச்சு. இரு தரப்புக்கும் தெரிந்த விதி அது.

"தம்பிங்களா, பொட்டியில தமிழ்த் தேதி வரணும். இல்லாட்டி எனக்கு இது வேணாம்" என்றார் மண்டிக்காரர். 2005-இன் இறுதியில் நாங்கள் சொந்தமாக ஒரு நாட்காட்டிக் கட்டம் செய்யத் தொடங்கினோம்.

முதலில் இடறியது எழுத்து. விசுவல் பேசிக் கட்டங்களுக்கு ஒருங்குறி எட்டாத காலம். 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாம் எழுத்துருவில்தான் எழுதினோம். கிழமையின் பெயர் கட்டத்தில் முழுதாக அடங்காது. முதல் எழுத்தை மட்டும் வெட்டிப் போடுவது வழக்கம். நாங்களும் வெட்டினோம். செவ்வாய் என்ற தலைப்பில் வெறும் ஒற்றைக் கொம்பு நின்றது. வெள்ளியிலும் அதே ஒற்றைக் கொம்பு. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறிகளைச் சேமிக்கும் எழுத்துரு அது, முதற்குறி கொம்புதான். பின்னாளில் ஒருங்குறிக்கு வந்தபோது நோய் வேறிடத்துக்கு மாறியது. அங்கே மெய்யை ஏந்திய அகரம் முன்னே வரும், உயிர்க்குறி பின்னே வரும். ஒன்றை மட்டும் வெட்டினால் செவ்வாயும் சனியும் ச ஆகிவிடும். வியாழனும் வெள்ளியும் வ ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து என்பது ஒரு குறி. தமிழில் ஓர் எழுத்து என்பது ஒரு குறியாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஏழு கிழமைச் சுருக்கங்களையும் கையாலேயே எழுதி வைத்தோம்.

அந்தப் பிழை திரையில் கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே திருத்தினோம். அடுத்த பிழை கண்ணுக்குத் தெரியவில்லை.

தமிழ்த் தேதிக்குச் சிவகாசி நாட்காட்டி ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டோம். 2006-ஆம் ஆண்டு நாட்காட்டி. ஒருவர் தாளைப் புரட்டிச் சொல்ல, மற்றவர் தட்டச்சு செய்தார். ஜனவரி 14 தை 1, பிப்ரவரி 13 மாசி 1, இப்படி ஆண்டு முடிய. ஆங்கிலத் தேதியைக் கொடுத்தால் தமிழ்த் தேதியைத் தரும் பட்டியல் தயார். அடுத்த ஆண்டுக்கு? பொங்கல் எப்போதும் ஜனவரி 14, சித்திரை எப்போதும் ஏப்ரல் 14 என்பதுதானே நம் எல்லோருடைய நினைப்பும். அதே பட்டியல் எல்லா ஆண்டுக்கும் செல்லும் என்று விட்டுவிட்டோம்.

2006 முழுவதும் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பிசகுவதற்கு வழியும் இல்லை. அந்த ஆண்டின் தாளைப் பார்த்தே எழுதியது அல்லவா. கிழிக்கிற தாளும் திரையும் நாள்தோறும் ஒத்துப் போவதைக் கண்டு மண்டிக்காரருக்குத் திரைமேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் கொஞ்சம் தலைக்கனம். சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் ஆத்தூரிலும் எங்களைப் போலவே நிரல் எழுதிய நண்பர்கள் இருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கட்டத்தை ஓசிஎக்ஸ் கோப்பாகக் குறுந்தகட்டில் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் அதை அடகுக் கடைக்கும் ஏலச்சீட்டு நடத்துபவருக்கும் தந்த நிரல்களில் ஒட்டிக்கொண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்க்க வேண்டாம் என்பதுதான் அப்படிப்பட்ட உறுப்பின் பயனே.

2007-இல் பிறக்க வேண்டிய முதல் மாதம் தை. முதல் மாதத்திலேயே கட்டம் பொய் சொன்னது.

அன்று ஞாயிறானாலும் பொங்கலுக்கு முந்திய நாள் என்பதால் கடைத்தெரு முழுதும் திறந்திருந்தது. விடியற்காலையில் கொளுத்திய பழம்பாயும் துடைப்பமும் தெருமுனைகளில் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. பெரியவர் முதல் பேருந்தில் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்தார். மார்கழி முடிவதற்குள் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்பதே அவர் வந்த காரணம். அசல் 12,000 ரூபாய். கணக்கர் பெயரைத் தட்டினார். திரை மார்கழி வரைக்குமான வட்டியோடு தை மாத வட்டி 240 ரூபாயையும் சேர்த்துக் காட்டியது.

"இன்னிக்குப் போகிதானுங்களே? தை நாளைக்கில்ல பொறக்குது?" என்று கேட்டிருக்கிறார் பெரியவர்.

"பொட்டியில தை ஒண்ணுன்னு காட்டுதே கவுண்டரே. அது தப்பாச் சொல்லாது" என்றாராம் மண்டிக்காரர்.

மடியில் பொங்கல் சாமானுக்கென்று வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் பேருந்துக்குப் போய்விட்டார். ஊரக வேலைத் திட்டத்தில் அன்று ஒரு நாள் கூலி 80 ரூபாய். மூன்று நாள் மண் வெட்டிய கூலியை எங்கள் பட்டியலின் ஒரு வரி வாங்கிக்கொண்டது.

காணும் பொங்கல் கழிந்து நாங்கள் கடைக்குப் போனபோது மண்டிக்காரர் இதை வேடிக்கையாகத்தான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரைப் பார்த்தோம், திரையைப் பார்த்தோம். ஒரு நாள் முன்னே ஓடிக்கொண்டிருந்தது திரை.

காரணம் தேடிப் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தோம். பள்ளியில் வானியல் படித்ததுண்டு, பஞ்சாங்கம் படித்ததில்லை. தமிழ் மாதம் என்பது கதிரவன் ஓர் இராசியைக் கடக்கும் காலம். பூமி கதிரவனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில்; அப்போது அது வேகமாகச் செல்கிறது. ஆகவே மார்கழி குறுகிய மாதம்: நூற்கணக்குப்படி 29 நாள் 20 நாழிகை 53 விநாழிகை. மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். ஆகவே ஆனி நீண்ட மாதம்: 31 நாள் 36 நாழிகை 38 விநாழிகை. நடைமுறையில் மார்கழிக்கு 29 அல்லது 30 நாள் வரும். ஆனிக்கு 31 அல்லது 32 வரும். எந்த மாதத்துக்கும் என்றைக்கும் இத்தனை நாள் என்று கல்லில் வெட்டி வைக்க இயலாது.

ஆண்டின் நீளமோ 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை. மிச்சமாகும் 15 நாழிகை 31 விநாழிகை என்பது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம். ஒவ்வோர் ஆண்டும் சங்கராந்தி நேரம் அந்த அளவுக்குப் பின்னே தள்ளிப் போகும். ஆங்கில நாட்காட்டியின் பிப்ரவரி 29 வந்து நான்காண்டுக்கு ஒருமுறை அதைப் பிடித்து இழுக்கும். தமிழ்நாட்டு வழக்கில், கதிரவன் மறைவதற்கு முன் சங்கராந்தி நேர்ந்தால் அன்றே மாதம் பிறக்கும். மறைந்தபின் நேர்ந்தால் மறுநாள். 2006-இல் மகர சங்கராந்தி ஜனவரி 14 பகலில் நேர்ந்தது. மறு ஆண்டு அதே நாளில் பொழுது சாய்ந்தபின் நேர்ந்தது. மார்கழிக்கு ஒரு நாள் கூடியது. தை 15-ஆம் தேதிக்குப் போனது. கேரளத்தில் விதி வேறு: பகலை ஐந்து கூறாக்கி முதல் மூன்று கூறுக்குள் சங்கராந்தி வந்தால்தான் அன்று மாதப் பிறப்பு. ஒரே வானம், இரண்டு வழக்கம்.

நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் இன்னொரு நகர்வும் இருக்கிறது. விவேகானந்தர் 1863-இல் மகர சங்கராந்தியன்று பிறந்தார். அந்த நாள் ஜனவரி 12. நம் காலத்தில் அது 14, 15 ஆகியிருக்கிறது. பொங்கல் எப்போதும் ஜனவரி 14 என்ற நம்பிக்கை எங்கள் ஆயுளைவிடச் சற்று நீளமானது, அவ்வளவே.

இந்தத் தொல்லையைத் தீர்க்க ஒரு முயற்சி முன்பே நடந்திருக்கிறது. மேக்நாத் சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, மாதங்களுக்கு மாறாத நீளம் வகுத்து ஒரு தேசிய நாட்காட்டியைத் தந்தது. 1957 மார்ச் 22 முதல் அது நடப்பில் இருக்கிறது. நிரலாளனுக்கு அதைவிட எளியது வேறில்லை. பத்து வரியில் எழுதிவிடலாம். இன்றைய சில நிரல் நூலகங்களில் அது இடம்பெற்றும் இருக்கிறது. ஆனால் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அந்தத் தேதியைச் சொல்லி யாரும் கடன் வாங்கி நாங்கள் கண்டதில்லை.

காரணம் தெரிந்தபின் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, மூன்று ஊருக்கும் போவது. ஒரு வாரம் குறுந்தகடும் கையுமாக அலைந்தோம். சங்கராபுரத்தில் ஏலச்சீட்டு தை 5-ஆம் நாள். கட்டம் அதை ஜனவரி 18 என்று காட்ட, அப்படியே அறிவிப்பும் அச்சாகியிருந்தது. சுவர் நாட்காட்டியைப் பார்த்தவர்கள் 19-ஆம் தேதி வந்து, ஏலம் முடிந்துவிட்டது என்று அறிந்து சண்டையிட்டிருக்கிறார்கள். நிரல் எழுதிய நண்பர் தன்மேல் பழியை வாங்கிக்கொண்டு, "நான் தேதியைத் தொடவே இல்லை அண்ணா, உங்கள் கட்டத்தை அப்படியே வைத்தேன்" என்றார். அவர் சொன்னதில் குறையேதும் இல்லை.

இரண்டாவது, பெரியவர். மண்டிக்காரர் நேர்மையானவர்; தாளைக் காட்டியதும் 240 ரூபாயை எண்ணி எடுத்து வைத்தார். "அடுத்த முறை வரும்போது கழிச்சுக்கலாம்" என்றவரிடம், நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்றோம். கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மலைச்சாலையில் ஏறினோம். வெள்ளிமலையில் விசாரித்து, அங்கிருந்து நடந்து அவர் ஊரை அடைந்தோம். மரவள்ளிக் கொல்லையில் இருந்தார்.

நடந்ததைச் சொன்னோம். பட்டியல், சங்கராந்தி எல்லாம் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டோம். அவருக்கு அது தேவையில்லை. பணத்தை வாங்கி எண்ணி மடியில் கட்டிக்கொண்டு, எங்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பொட்டி தப்பாச் சொல்லட்டுங்க, அதுக்கு என்னா தெரியும். அன்னிக்குக் கடையில நாலு பேரு இருந்தாங்க. நாலு பேருக்கும் போகின்னு தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்கல."

இறங்கி வரும்போது எங்களுக்குள் அதிகம் பேச்சில்லை. அந்த நால்வரில் மண்டிக்காரர் உண்டு, கணக்கர் உண்டு. காலையில் தம் வீட்டு வாசலில் பழையதைக் கொளுத்திவிட்டு வந்தவர்கள். கையில் புகை வாசம் போகாதவர்கள். ஆயினும் தெருவெல்லாம் தெரிந்த ஒரு செய்தியைச் சொல்ல, அந்தத் திரைக்கு முன்னால் அவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. ஓராண்டு முழுவதும் பிசகாமல் காட்டி அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்கள் நாங்கள். பட்டியலில் இருந்த பிழை ஒரு நாள். கட்டத்தின் தோரணையில் இருந்த பிழை அதைவிடப் பெரியது. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே கறுப்பு எழுத்தில், ஒரே உறுதியோடு அது காட்டிக்கொண்டிருந்தது.

புதிய கட்டத்தை அந்த ஆண்டே எழுதினோம். கணக்கிட்டுக் காட்டலாமா என்று முதலில் முயன்றோம். சூரிய மறைவு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெரும்பாலான மாதங்கள் ஒத்து வந்தன. சங்கராந்தி அந்தி நேரத்தை ஒட்டி வரும் மாதங்களில் மட்டும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், திருக்கணிதம் ஒன்று சொல்லும். எதைப் பின்பற்றுவது என்பதை மாடியறையில் உட்கார்ந்து இருவர் முடிவு செய்ய உரிமையில்லை. ஆகவே பட்டியலையே வைத்துக்கொண்டோம். ஆனால் ஆண்டுக்கு ஒரு பட்டியல். அடுத்த ஆண்டு நாட்காட்டிகளைச் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது மரபு. ஆடி பிறந்தால் எங்களுக்கு அந்த வேலை வந்துவிடும். பட்டியல் இல்லாத ஆண்டுக்குக் கட்டம் தமிழ்த் தேதியைக் காட்டாது. அந்த இடம் வெறுமையாக இருக்கும். கீழே "சுவர் நாட்காட்டியைப் பார்த்து எழுதுக" என்று ஒரு வரி வரும். எழுதினால்தான் வட்டி கணக்கிடும். 2008-இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்து, 2011-இல் அது நீக்கப்பட்டபோதும் நாங்கள் எதையும் மாற்றவில்லை. ஆண்டின் முதல் மாதம் எது என்பதையும் பயன்படுத்துபவரே தெரிவு செய்யும்படி விட்டிருந்தோம்.

இது எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டோம். வெற்றுக்கட்டம் காட்டும் நாட்காட்டி எதற்கு என்று ஆத்தூர் நண்பர் பழைய ஓசிஎக்ஸுக்கே திரும்பிவிட்டார். மண்டிக்காரரும் முதலில் முகம் சுளித்தார். பிறகு கணக்கர் நாள்தோறும் காலையில் தாளைக் கிழித்து, தமிழ்த் தேதியை உரக்கப் படித்துவிட்டுத் திரையோடு ஒப்பிடும் வழக்கம் வந்தது. ஒப்பிட வேண்டிய தேவையில்லாத நாளிலும் படித்தார்.

அந்தக் கணிப்பொறி இப்போது இல்லை. மண்டிக் கணக்கு மகன் கையில் இருக்கும் தொலைபேசிக்குப் போய்விட்டது. அதில் தமிழ்த் தேதி யார் கொடுத்த எந்தப் பட்டியலிலிருந்து வருகிறது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டோம். "சரியாத்தான் அண்ணா காட்டுது, ஒரு வருஷமாப் பார்க்கிறேன்" என்றார்.

ஒரு வருஷம் எங்களுடையதும் சரியாகத்தான் காட்டியது. அவரிடம் அதைச் சொன்னோம். சுவரில் அட்டை இன்னும் தொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்தோம். தொங்கியது. மூன்று நாளாகத் தாள் கிழிக்கவில்லை. எழுந்துபோய்க் கிழித்துவிட்டு வந்தோம்.